ஐந்தரைக்கு இருட்டிய மும்பை

அத்தியாயம் 6

2025 நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை, போர்ட் பிளேரில் சூரியன் மாலை 4.51-க்கு மறைந்தது. அன்று மாலை ஐந்தரைக்கு, அதே ஊரின் பத்துபஸ்தியைச் சேர்ந்த ஜாக்குலின் என்ற பெண்ணை மும்பை நிறுவனம் ஒன்றின் எச்.ஆர். அதிகாரி வீடியோ அழைப்பில் நேர்காணல் செய்து வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

பதினைந்து நாள் கழித்து, டிசம்பர் 3, புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதே ஜாக்குலின் டெலானிபூரில் ஒரு ஹார்ட்வேர் கடையின் மாடியறையில் உட்கார்ந்திருந்தாள். அது விசாலாட்சியின் துப்பறியும் அலுவலகம். பதினாறு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் சர்வேயராக இருந்து, மூழ்கிய படகுக்கும் மூழ்கடித்த படகுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்துப் பழகியவள் விசாலாட்சி. பேச்சு குறைவு. அந்தக் குறையை நிறைவு செய்யத்தான் முனியாண்டியைச் சேர்த்துக்கொண்டாள் என்று கடைக்காரர் சொல்வார்.

முனியாண்டி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். முப்பது வருடம் சாத்தத்துக்கும் பாம்பூஃபிளாட்டுக்கும் நடுவே ஃபெர்ரியில் சுக்கான் பிடித்து ஓய்வு பெற்றவர். அவ்வளவு காலம் ஒரே தண்ணீரைக் குறுக்கே கடந்த மனிதருக்கு வீட்டில் சும்மா உட்கார வரவில்லை. விசாலாட்சியிடம் அவருடைய வேலை மூன்று: ஸ்கூட்டர் ஓட்டுவது, ஊரில் எல்லோரையும் தெரிந்து வைத்திருப்பது, யாரும் கேட்காமலே அபிப்பிராயம் சொல்வது. மூன்றாவதற்குத் தனியாகச் சம்பளம் வேண்டும் என்று பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை.

ஜாக்குலின் நடந்ததைச் சொன்னாள். இணையத்தில் டேட்டா என்ட்ரி வேலை தேடியிருக்கிறாள். ஒரு நிறுவனம் முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை; அதனாலேயே நம்பினாள். ஆதார், கையெழுத்து, ஒப்பந்தம் எல்லாம் அனுப்பினாள். ஆறு நாளில் அறுநூறு பக்கம் அடிக்க வேண்டும். பக்கங்கள் மழையில் நனைந்த நோட்டீஸ் மாதிரி மங்கலாக இருந்தன. கண் எரிய எரிய அடித்து முடித்தாள். உன் வேலையில் பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய் என்று பதில் வந்தது. திங்கட்கிழமை வக்கீல் நோட்டீஸ் வந்தது. புதன் மாலை ஐந்து மணிக்குள் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூறு கட்டாவிட்டால் கைது.

"எந்தப் பிழைன்னு காட்டினாங்களா?" விசாலாட்சி கேட்டாள்.

"காட்டல அக்கா. மூணு தடவ கேட்டேன்."

"காட்ட மாட்டாங்க. பக்கத்த மங்கலாக் குடுத்ததே அதுக்குத்தான். வேலை கொடுக்கிறவன் வேலைய வாங்கிட்டு உன்கிட்டயே பணம் கேட்டா, அவனுக்கு உன் வேலை வேணாம். ஒப்பந்தத்தை மீறினா வேணும்னா கோர்ட்டுல கேசு போடலாம், கைது கிடையாது. இது மோசடி. கட்டாதே."

"எனக்குத் தெரியும். நான் கட்டவும் மாட்டேன்." ஜாக்குலின் குரலில் நடுக்கம் இல்லை, கோபம்தான் இருந்தது. "ஆனா அப்பா கட்டப் போறாரு. அவர் பேரு அல்போன்ஸ், மீன்பிடிக்கிறவரு. டுங்கியில மாட்டுற எஞ்சினை விக்கிறாரு. இன்னிக்கு மூணு மணிக்கு ஜங்லிகாட் ஜெட்டியில ஆள் வருது."

டுங்கி என்பது தீவுக்காரர்கள் கரையோரம் மீன்பிடிக்கும் சின்னப் படகு. எஞ்சின் இல்லாத டுங்கி எப்படியிருக்கும் என்று முனியாண்டிக்கு விளக்க வேண்டியதில்லை. துடுப்பு போட்டுக்கொண்டு அறுபது வயதில் கடலுக்குப் போக முடியாது. அல்போன்ஸ் இன்னொருவர் படகில் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

"இது பொய்னு அவர்கிட்டச் சொன்னியாம்மா?" என்று கேட்டார்.

"நான் சொன்னேன், என் சிநேகிதி சொன்னா, இந்த மாதிரி மோசடி பத்தின வீடியோ போட்டுக் காட்டினேன். காயிதத்துல முத்திரை இருக்குல்லா, முத்திரைக்கு மேல நீ பெரிய ஆளாங்கிறாரு. நம்ம குடும்பத்துல ஒருத்தரும் போலீஸ் டேசன் படி ஏறினதில்லங்கிறாரு. அவருக்குக் கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் நம்புவாரு." அவள் நிமிர்ந்தாள். "என்னை வேலைக்கு எடுத்தாளே அந்த எச்.ஆர். மேடம், அவளைப் பிடிச்சுக் கொடுங்க அக்கா. அப்பா முன்னாடி நிறுத்தி ஒரு கேள்வி கேக்கணும்."

"மும்பையில இருக்கிறவளை மூணு மணிக்குள்ள ஜங்லிகாட்டுல நிறுத்தணும்," என்றார் முனியாண்டி. "ஃப்ளைட் கம்பெனிக்காரனே இப்படி வாக்குக் கொடுக்க மாட்டான்."

விசாலாட்சி நேர்காணலின்போது எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். ஒன்று இருந்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் சிநேகிதிக்கு அனுப்ப எடுத்த ஸ்கிரீன்ஷாட். கறுப்புக் கோட்டு போட்ட இளம்பெண், அவளுக்குப் பின்னால் சுவர், ஒரு ஜன்னல். படத்தின் மேல் ஓரத்தில் போனின் மணி: 5.34.

விசாலாட்சி அதை வெகுநேரம் பார்த்தாள். முனியாண்டியும் எட்டிப் பார்த்தார். அழகான பெண் என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை. அதையும் வாய்விட்டுச் சொல்லாமல் அடக்கிக்கொண்டார்.

"ஜன்னலைப் பாருங்க அண்ணே."

"பாத்தேன். ஒண்ணும் தெரியல. இருட்டா இருக்கு."

"அதான். நவம்பர்ல ஐந்தரைக்கு மும்பையில வெயில் அடிக்கும். அங்க ஆறு மணிக்குத்தான் சூரியன் மறையும்."

ஜாக்குலின் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "நான் இதைக் கவனிக்கவே இல்லையே."

"எப்படிக் கவனிப்பே? உன் ஜன்னலும் அப்போ இருட்டாத்தானே இருந்துச்சு. ஒரு சென்னைக்காரி இந்த அழைப்புல இருந்திருந்தா அவளுக்கு உறுத்தியிருக்கும்."

முனியாண்டிக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கில்லை. கல்கத்தாவிலும் அந்த நேரம் இருட்டிவிடும், அவரே கப்பலில் போய்ப் பார்த்திருக்கிறார். அசாமிலும் அப்படித்தான் என்று கேள்வி. இந்தியாவின் கிழக்குப் பாதி முழுக்க ஸ்கூட்டரில் தேடுவதானால் பெட்ரோலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று விசாலாட்சி ஒப்புக்கொண்டாள். அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்து ஜாக்குலினை அந்த நேர்காணலை முதலிலிருந்து கடைசி வரை சொல்லச் சொன்னாள். என்ன கேட்டாள், எந்த மொழியில் கேட்டாள், நடுவில் என்ன நடந்தது, எல்லாம். தமிழும் ஹிந்தியும் கலந்துதான் பேசினாளாம். டைப்பிங் வேகம் கேட்டாள், வீட்டில் நெட் எப்படி என்று கேட்டாள். நடுவில் ஒரு அவசர அழைப்பு என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். எட்டு நிமிஷம் கழித்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"அவ எழுந்து போனப்போ மைக்கை அணைச்சாளா?"

"இல்லை. ஏதோ சத்தம் கேட்டுது. முதல்ல டமடமன்னு, அப்புறம் சத்தம் குறைஞ்சு குறைஞ்சு..." ஜாக்குலின் நிறுத்தினாள். அவள் முகம் மாறியதை முனியாண்டி பார்த்தார். "டிரம்முல தண்ணி விழுற சத்தம் அக்கா. குழாயில தண்ணி வந்திருக்கு. அவ தண்ணி பிடிக்கப் போயிருக்கா. எனக்கு அது வித்தியாசமாவே படல."

"படாது. தண்ணி வந்தா நாமளும் அதைத்தானே செய்வோம். எமன் வந்து கூப்பிட்டாலும் டிரம் நிறையட்டும்னுதான் சொல்லுவோம். பெரிய கம்பெனியோட எச்.ஆர். அதிகாரி நேர்காணலை விட்டுட்டு டிரம்மைத் தூக்கிட்டு ஓடினா, அவ இருக்கிறது ஆபீஸ் இல்லை, வீடு. அதுவும் நாள் வச்சுத் தண்ணி வர்ற வீடு. தமிழ்ல ஹிந்தி கலக்கிற ஊரு. ஐந்தரைக்கு இருட்டுற ஊரு." விசாலாட்சி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணே, செவ்வாய்க்கிழமை சாயந்திரம் ஐந்தரைக்கு இந்த ஊர்ல எந்த ஏரியாவுக்குத் தண்ணி திறப்பாங்க?"

முனியாண்டி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். கடைசியில் தன் மூன்று வேலைகளில் இரண்டாவதற்கு மரியாதை வந்துவிட்டது.

தண்ணீர்க் குழாய்களின் வால்வைத் திறந்து மூடுகிறவர் ஜெகநாதன். ஊரில் கமிஷனரைத் தெரியாதவர்கள் உண்டு, ஜெகநாதனைத் தெரியாதவர்கள் இல்லை. கையில் ஒரு நீளமான இரும்புச் சாவி, காதில் ஒரு பீடி. ஹாடோவில் ஒரு டீக்கடையில் அவரைப் பிடித்தார்கள். முனியாண்டி இரண்டு டீயும் ஒரு சமோசாவும் வாங்கிக் கொடுத்து, ஊர்க்கதை பேசி, கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தார். விசாலாட்சி ஜாக்குலினோடு ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றரை.

செவ்வாய், வெள்ளி மாலை ஐந்தரைக்குத் திறப்பது ஒரே ஒரு லைன்தான் என்றார் ஜெகநாதன். குட்வில் எஸ்டேட், மேட்டுப் பக்கம். மொத்தம் இருபத்தாறு வீடு.

"இருபத்தாறு வீட்டுக் கதவையும் தட்டணுமா?" என்று முனியாண்டி அலுத்துக்கொண்டார். "அதுக்குள்ள நானே ஒரு எஞ்சின் செஞ்சு அல்போன்ஸுக்குக் கொடுத்திருவேன்."

"யாரைத் தேடுறீங்க? தண்ணி விஷயமா ஏதாவது புகாரா?" ஜெகநாதனின் குரலில் லேசாக உஷார் ஏறியது. "அந்த மேட்டு வீட்டுப் பொண்ணு அனுப்பிச்சதா? நான் அதுகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேனே."

முனியாண்டி சமோசாவைக் கீழே வைத்தார். எந்தப் பொண்ணு, என்ன சொன்னது என்று விசாலாட்சி கேட்டாள்.

ஜெகநாதனுக்கு அது ஒரு மனக்குறை. போன மாசம் அந்தப் பெண் படியிறங்கி வந்து, அங்கிள், ஐந்தரைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு, நீங்க நாலு மணிக்கே திறக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறாள். இடுப்புக்கு மேலே கோட்டு, கீழே நைட்டியாம். மீட்டிங்குக்காக ஊருக்கெல்லாம் தண்ணி நேரத்தை மாத்துறதா, நான் என்ன கவர்னரா என்று திருப்பிக் கேட்டு அனுப்பிவிட்டாராம்.

"பச்சைக் கேட்டு. வாசல்ல பப்பாளி மரம்," என்றார். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

பச்சைக் கேட்டைத் திறந்தது அந்தப் பெண்ணின் அம்மா புஷ்பம். தண்ணீர் ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். சின்னப் பெண் ஏதோ தெரியாமல் பேசிவிட்டாள், வால்வுக்காரர் கோபப்பட்டுத் தண்ணியை நிறுத்திவிட வேண்டாம் என்று தானாகவே மன்னிப்புக் கேட்டாள். பிறகு பெருமையும் வந்துவிட்டது. பெண் மும்பைக் கம்பெனியில் எச்.ஆர்., ஹரிணி என்று பேர், வீட்டிலிருந்தே வேலை, மெயின்லேண்டுக்கு அனுப்பாமலே இப்படி ஒரு வேலை கிடைத்ததே.

ஹரிணி உள்ளேயிருந்து வந்தாள். ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்த அதே முகம், கோட்டு இல்லாமல். விசாலாட்சிக்குப் பின்னால் நின்ற ஜாக்குலினைப் பார்த்ததும் அவள் கால் வாசற்படியிலேயே நின்றுவிட்டது.

ஜாக்குலின் முன்னால் வந்தாள். வழியெல்லாம் அவள் தயார் செய்துகொண்டு வந்த கேள்வியை முனியாண்டி இரண்டு தடவை கேட்டிருந்தார். அதில் இரண்டு கெட்ட வார்த்தை இருந்தது. ஆனால் இப்போது அவள் அதைக் கேட்கவில்லை.

"மும்பையில இருந்து எப்போ வந்தீங்க மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

ஹரிணி விறைத்துக்கொண்டாள். தான் ஒரு ஊழியர் என்றும், எந்தப் புகாரானாலும் நிறுவனத்துக்கு மெயில் அனுப்பலாம் என்றும், வீட்டுக்கு வந்து மிரட்டினால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் மனப்பாடம் செய்ததுபோல் சொன்னாள். தாராளமாகக் கூப்பிடலாம், எங்களுக்கும் வேலை மிச்சம் என்றார் முனியாண்டி. விசாலாட்சி கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். ஹரிணியை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவளுடைய கண்ணின் கீழிருந்த கருவளையத்தை, நகம் கடித்த விரல்களை.

"உனக்குச் சம்பளம் வந்துச்சாம்மா?"

புஷ்பம் மகளைத் திரும்பிப் பார்த்தாள். போன மாசம் சம்பளத்தில் ஃபிக்சட் டெபாசிட் போட்டிருப்பதாகச் சொன்னாயே என்றாள். ஹரிணி உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் இரண்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. அதை அம்மாவிடம் காட்டாமல் நேராக விசாலாட்சியிடம் கொடுத்தாள்.

வக்கீல் நோட்டீஸ். அதே வக்கீல் பெயர், அதே முத்திரை. நிறுவன ரகசியத்தை வெளியிட்டதாகக் குற்றச்சாட்டு. ஐம்பதாயிரம் கட்டாவிட்டால் கைது. தேதி நவம்பர் 29.

"ரெண்டு மாசச் சம்பளம் கேட்டேன்," என்றாள் ஹரிணி. "மறுநாளே இது வந்துச்சு. தொடர்ந்து ஆள் எடுத்துக் கொடுத்தா கேஸை நிறுத்தி வைக்கிறோம்னு சொன்னாங்க. அம்மாகிட்டச் சொல்ல முடியல. என்னையும் வீடியோவுலதான் வேலைக்கு எடுத்தாங்க. மும்பைன்னு சொல்லச் சொன்னது அவங்கதான், கம்பெனி பாலிசின்னாங்க. எடுத்து முடிச்ச ஆளுங்களுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு..." அவள் ஜாக்குலினைப் பார்த்தாள். "சத்தியமா எனக்குத் தெரியாது."

ஜாக்குலின் தன் பையிலிருந்து தன்னுடைய நோட்டீஸை எடுத்தாள். பிரின்ட் எடுத்து மடித்து மடித்து நைந்து போயிருந்தது. இரண்டையும் திண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முத்திரை இரண்டிலும் ஒரே கோணத்தில் சாய்ந்திருந்தது, வலதுபக்கம் ஒரே இடத்தில் மை விட்டுப் போயிருந்தது. ஜாக்குலின் விரலை மேலே கொண்டுபோய் ஒரு வரியில் நிறுத்தினாள்.

வழக்கு எண் 2217. இரண்டிலும்.

"ஒரே கேஸா?" என்றாள் ஹரிணி.

"நான் டைப்பிங் தப்புப் பண்ணினதும் நீ ரகசியம் சொன்னதும் ஒரே கேஸ்," என்றாள் ஜாக்குலின். அவள் சிரித்ததை முனியாண்டி அன்றுதான் முதல்முறை பார்த்தார். நல்ல சிரிப்பு இல்லை. சண்டைக்குப் போகிறவர்களுடைய சிரிப்பு. "நம்பரைக்கூட மாத்தாம அனுப்பியிருக்கான். நம்மளை அவ்வளவு பயந்தாங்கொள்ளின்னு நினைச்சிருக்கான்."

எத்தனை பேரை எடுத்துக் கொடுத்தாய் என்று விசாலாட்சி கேட்டாள். ஹரிணி ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள். நேர்காணல் செய்த ஒவ்வொருவருடைய பெயரும் போன் நம்பரும் சுத்தமான கையெழுத்தில் இருந்தன. ரங்கத், டிக்லிபூர், ஹட்பே, கேம்பெல்பே. எல்லாம் தீவுகளிலேயே. தன் ஊர்க்காரர்களை எடுத்தால் அவர்களுக்கு உதவியாக இருக்கும் என்று அவளே கேட்டு வாங்கிய பகுதியாம். ஜாக்குலினைத் தவிர்த்து மொத்தம் இருபத்து மூன்று பேர்.

மணி இரண்டேகால் ஆகியிருந்தது. ஹரிணி செருப்பைப் போட்டாள். புஷ்பம் அவள் கையைப் பிடித்தாள். எங்கேயும் போக வேண்டாம், அந்தப் பணத்தை எப்படியாவது கட்டித் தொலைக்கலாம், தெருவில் தெரிந்தால் என்ன ஆகும் என்றாள். ஹரிணி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, தெருவில் தெரியட்டும் என்றாள். தன் ஸ்கூட்டரின் பின்னால் ஜாக்குலினை ஏற்றிக்கொண்டு முதலில் கிளம்பியது அவள்தான். மேடு இறங்கும் வேகத்தைப் பார்த்து, இந்தப் பெண் நம்மை ஜெட்டிக்குக் கூட்டிப் போகிறதா ஆஸ்பத்திரிக்கா என்று முனியாண்டி கேட்டார்.

ஜங்லிகாட்டில் பிக்கப் வண்டி வந்து நின்றிருந்தது. அல்போன்ஸ் எஞ்சினைக் கழற்றிப் பலகை மேல் வைத்து, பழந்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். விற்கிற பொருளை யாரும் அவ்வளவு சுத்தமாகத் துடைக்க மாட்டார்கள். வாங்க வந்த கணேஷ்குமார் வண்டூரிலிருந்து வந்தவர். நேரமாகிறது என்று அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

மகளைப் பார்த்ததும் அல்போன்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீ பேசாத. அஞ்சு மணிக்குள்ள கட்டணும். கட்டிட்டு வாறேன், அதுக்கப்புறம் உன் இஷ்டப்படி திட்டு."

விசாலாட்சி சட்டம் பேசப்போகிறாள் என்றுதான் முனியாண்டி நினைத்தார். அவள் பேசவில்லை. ஜாக்குலினைப் பார்த்துத் தலையசைத்தாள். ஜாக்குலின் இரண்டு நோட்டீஸையும் எஞ்சின் பக்கத்தில் பலகையில் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு ஸ்பேனரை மேலே வைத்தாள்.

"இது எனக்கு வந்தது. இது இவளுக்கு வந்தது. இவதான் அப்பா என்னை வேலைக்கு எடுத்தவ. குட்வில் எஸ்டேட்டுக்காரி. இவளையும் ஏமாத்தியிருக்காங்க. ரெண்டுலயும் நம்பரைப் பாருங்க."

அல்போன்ஸ் கண்ணாடி போடாமல் தாளைத் தூர வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணாடி போட்டுக் கிட்ட வைத்துப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தடவினார். அவர் டுங்கியின் முன்பக்கத்தில் கறுப்புப் பெயின்ட்டில் பதிவு எண் எழுதியிருந்தது. அதை ஒரு தரம் பார்த்தார்.

"ரெண்டு ஆளு. ரெண்டு குத்தம். ஒரே நம்பரு," என்றார் மெதுவாக. "ஒரே நம்பரை ரெண்டு டுங்கியில எழுதிக் கடல்ல விட்டா என்ன அர்த்தம்?"

"ஒண்ணு திருட்டு டுங்கி," என்றார் முனியாண்டி. "இல்லைன்னா ரெண்டுமே."

அல்போன்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். ஹரிணியைப் பார்த்தார், அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. மகளைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் ஜாக்குலினின் போன் அடித்தது.

வக்கீல். ஜாக்குலின் ஸ்பீக்கரில் போட்டுப் பலகையில் வைத்தாள். கனத்த குரல் ஹிந்தியில் பேசியது: நேரம் முடியப் போகிறது, கடைசி வாய்ப்பு, மும்பையிலிருந்து போலீஸ் ஜீப் கிளம்பத் தயாராக இருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் உன் வீட்டு வாசலில் நிற்கும்.

"ஜீப்லயா?" என்றார் முனியாண்டி, கணேஷ்குமாரிடம். "கடல் வரைக்கும் வந்து சேரட்டும். மிச்சத்துக்கு நான் ஃபெர்ரி எடுத்துட்டுப் போறேன்."

கணேஷ்குமார் முதலில் சிரித்தார். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஜாக்குலின் சிரிக்கவில்லை. தீவில் வளர்ந்தவர்கள் பேசும் நேரடியான ஹிந்தியில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். நான் பணம் கட்ட மாட்டேன். நான் செய்த வேலைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். என் பெயர் ஜாக்குலின், அல்போன்ஸின் மகள், வீடு பத்துபஸ்தி. முகவரி உங்களிடம் இருக்கிறது. வாருங்கள், நான் எங்கேயும் போகவில்லை.

குரல் உயர்ந்தது. உன் தகப்பனாரிடம் பேச வேண்டும் என்றது. அல்போன்ஸ் போன் பக்கம் குனிந்தார்.

"அவ சொன்னதுதான்," என்றார் அல்போன்ஸ் தமிழிலேயே. "வாலே, வந்து பாரு."

பிறகு ஹரிணி போனைக் கையில் எடுத்தாள். நேர்காணல்களில் பேசும் அந்தச் சீரான குரலில், ஹிந்தியில் ஆரம்பித்தாள்.

"வணக்கம் சார். ஹரிணி பேசுறேன், எச்.ஆர். என் நோட்டுப் புத்தகத்துல இருபத்து மூணு பேர் நம்பர் இருக்கு. இப்போ ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணப் போறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஜாக்குலின் திரும்ப அழைத்தாள். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

கணேஷ்குமார் வந்த பெட்ரோல் செலவைப் பற்றி முணுமுணுத்தார். அல்போன்ஸ் அவருக்கு ஒரு கிலோ சூரை மீன் கொடுத்து அனுப்பிவைத்தார். விசாலாட்சி சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைத்து விவரம் சொன்னாள். ஜெட்டியின் நிழலில் ஐஸ் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, ஹரிணி பெயர்களைப் படிக்கப் படிக்க ஜாக்குலின் அழைத்தாள். நான்கு பேர் முதலில் நம்பவில்லை. கேம்பெல்பேயில் ஒரு பெண் அழுதாள். டிக்லிபூரில் ஒருவர் ஹரிணியைத் திட்டிவிட்டு வைத்துவிட்டார். ஹரிணி பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைப் படித்தாள். பெங்காலி மட்டும் தெரிந்த மூன்று பேரிடம் அவளே பேசினாள். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் சிலருக்கு நான்கைந்து தரம் போட வேண்டியிருந்தது. முனியாண்டி எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். இந்தத் தொழிலில் டீதான் பெரிய செலவு என்று விசாலாட்சியிடம் சொன்னார், அவள் அதையும் காதில் வாங்கவில்லை.

மாலை ஐந்து மணிக்குள் இருபத்து மூன்று பேரில் இருபத்திரண்டு பேரிடம் பேசியிருந்தார்கள். ஒருவருடைய போன் கிடைக்கவில்லை. இரண்டு பேர் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார்கள். மற்ற இருபது பேரும் கட்டவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹரிணியும் ஜாக்குலினும் போலீஸின் சைபர் பிரிவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தார்கள். இருவர் கூடவும் அல்போன்ஸ் படியேறிப் போனார். புகார் பதிவு செய்யப்பட்டது. வக்கீல் என்று பேசியவர் யார் என்று தெரியவில்லை.